பழைய லேப்டாப்புக்குப் புது மூளையா?

பல்லப்கடிலிருந்து வரும் வயலட் தட மெட்ரோ, கால்காஜி மந்திர் நிலையத்தை நெருங்கும்போது ஜன்னலில் தாமரைக் கோயிலின் வெள்ளை இதழ்கள் தெரிகின்றன. அடுத்த நிலையம் நேரு பிளேஸ். மணி 11. இறங்குகிறவர்களில் பலருடைய தோளில் லேப்டாப் பை. புதிது வாங்க வந்தவர்கள் கொஞ்சம். பழையதற்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் அதிகம்.

பரீதாபாதிலிருந்து வந்திருக்கும் நடுத்தர வயதுப் பெண்மணி இரண்டாவது ரகம். வக்கீல்களுக்கு இந்தியில் பத்திரங்களையும் மனுக்களையும் தட்டச்சு செய்து தருவது அவர் தொழில். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் அதுவும் உண்டு. பையில் இருப்பது 2012இல் சந்தைக்கு வந்த திங்க்பேட் டி430. ஏதோ ஒரு கம்பெனி உபயோகித்துக் கழித்துவிட்டதை ஆறு வருடங்களுக்கு முன் இதே சந்தையில் வாங்கினார். இப்போது அதை இயக்கிவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் திரை தயாராவதில்லை. காத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். உறவுக்காரப் பையன் சொன்ன யோசனை: "பிராசஸரை மாற்றிவிடுங்கள். ஐ5ஐ எடுத்துவிட்டு ஐ7 போட்டால் பறக்கும்." கைப்பையில் 6,000 ரூபாய். புது லேப்டாப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டருக்காகப் பிறந்த இடமல்ல. 1962ஆம் ஆண்டின் தில்லி மாஸ்டர் பிளான் திட்டமிட்ட மாவட்ட மையங்களில் ஒன்று. 1970களில் அலுவலகங்களுக்காக எழுந்த கான்க்ரீட் கட்டடங்கள், நடுவே வாகனம் நுழையாத அகன்ற முற்றம். கம்ப்யூட்டர் வியாபாரம் பிறகு வந்து குடியேறி, இடத்தின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. கூடவே ஒரு கெட்ட பெயரும் ஒட்டியது. திருட்டு மென்பொருள் விற்பனைக்காக, அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் 2011இல் வெளியிட்ட 'பெயர் கெட்ட சந்தைகள்' பட்டியலில் இதுவும் இடம்பிடித்தது.

முற்றத்தில் கால் வைத்ததும் குரல்கள் சூழ்கின்றன. "மேடம், லேப்டாப்? ப்ரிண்டர்? டோனர்?" ஒருவர் பின்னாலேயே நடந்து வருகிறார். குடை நிழலில் மொபைல் கவர்கள், சார்ஜர்கள். சோலே குல்ச்சா வண்டியைச் சுற்றிக் கூட்டம். சில அடி தள்லி, யாரும் எதிர்பார்க்காத விதமாகத் துணிக்கடைகள். திரைச்சீலைத் துணியை மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுக்கிறார்கள். ஹேம்குண்ட், சித்தார்த், மேக்தூத் என்று கட்டடங்களுக்கு மட்டும் புராணமும் காவியமும் கலந்த பெயர்கள்.

முதல் மாடியில் இருக்கும் கடையில் வேலை சுலபமாக முடிந்துவிடும் போலிருக்கிறது. விற்பனையாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்கிறார். பஞ்சுத் தாளில் சுற்றிய பிராசஸர்கள், தபால்தலை ஆல்பத்தில் இருப்பதுபோல வரிசையாக. எல்லாம் உடைத்த லேப்டாப்களிலிருந்து எடுத்தவை. ஒன்றை உயர்த்திக் காட்டுகிறார்: "ஐ7, நான்கு கோர். 4,000 ரூபாய். அரை மணியில் போட்டுத் தருகிறேன்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. டி430இல் பிராசஸர் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டையும் மேல்மூடியையும் விசிறியையும் கழற்றி, சாக்கெட்டின் திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். இருப்பது ஐ5 3320எம். இரண்டு கோர், 35 வாட். அதே 35 வாட்டில் நான்கு கோர் உள்ள ஐ7 3632கியூஎம் அதே சாக்கெட்டில் பொருந்தும். ஆனாலும் அந்தப் பெண்மணி தயங்குகிறார். 6,000இல் 4,000 போனால், பிறகும் பறக்காவிட்டால்?

இரண்டாவது கருத்துக் கேட்க அவர் இறங்கிப் போவது பேஸ்மென்ட்டுக்கு. நேரு பிளேஸின் நிஜமான ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. குறுகிய நடை, இருபுறமும் மேஜைகள், ஒவ்வொன்றிலும் குடல் திறந்து கிடக்கும் லேப்டாப். சால்டரிங் புகையின் வாசனை. ஒரு மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி அணிந்த மெக்கானிக். 1990களில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வந்தவர்.

"தீதி, முதலில் இதை ஓட விடுங்கள்" என்கிறார். ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. விண்டோஸ் மெதுவாக எழுந்து வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவர் பக்கம் திருப்புகிறார். பிராசஸர் வேலை செய்வது 15, 20 சதவீதம்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரே 100 சதவீதம், சிவப்பில். 4 ஜிபி ரேம் ஏறக்குறைய நிரம்பி வழிகிறது.

"சமையல்காரர் சும்மா நிற்கிறார், தீதி. காய்கறி வாங்கப் போனவன்தான் திரும்பி வரவில்லை. நீங்கள் சமையல்காரரை மாற்றச் சொல்கிறீர்கள்."

இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலைத் தேடி அதன் ஊசி நகர்ந்து நகர்ந்து படிக்க வேண்டும். நொடிக்கு நூறு, இருநூறு தேடல்களுக்கு மேல் முடியாது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. ஆயிரக்கணக்கில் தேடும். ரேம் போதாதபோது கம்ப்யூட்டர் மிச்சத்தையும் டிஸ்க்கிலேயே எழுதிப் படிப்பதால் நெரிசல் இரட்டிப்பாகிறது. இந்த நிலையில் ஐ7 போட்டால், காத்திருக்கும் கோர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்காகும், அவ்வளவுதான்.

அப்படியானால் பிராசஸர் மாற்றுவது யாருக்கு? வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு, பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்கிறவர்களுக்கு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் மணிக்கணக்கில் 100ஐத் தொட்டபடி இருந்தால், டிஸ்க்கும் ரேமும் ஏற்கெனவே சரியாக இருந்தால், யோசிக்கலாம். அப்போதும் வாட்டைக் கவனிக்க வேண்டும். 35 வாட்டுக்காகச் செய்த விசிறியின் மீது 45 வாட் சிப்பை ஏற்றினால், அது சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு வெப்பமாகப் போகும். பிராசஸர் எண்ணின் கடைசி எழுத்தையும் பார்க்கச் சொல்கிறார் மெக்கானிக். அந்தக் காலத்து சிப்பில் 'யு' என்று முடிந்தால் அது மதர்போர்டில் பற்றவைத்தது. மாற்றும் பேச்சே இல்லை.

இந்தப் பேச்சுக்கு இனி அதிக நாள் ஆயுளும் இல்லை. 2013இல் வந்த இன்டெல்லின் நான்காம் தலைமுறையோடு லேப்டாப் பிராசஸர்களுக்கான சாக்கெட் காலம் முடிந்தது. அடுத்த தலைமுறையிலிருந்து எல்லாம் பற்றவைப்புதான். லேப்டாப் மெலிய வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை இது. பல மாடல்களில் ரேமும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. நுகர்வோர் பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் பற்றவைத்ததை ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியாது. பேஸ்மென்ட் மேஜைகளில் இப்போது மைக்ராஸ்கோப்பும் சூடான காற்றை ஊதும் கருவியும் வந்துவிட்டன. அவை வாங்க முடியாதவர்கள் மொபைல் கவர் விற்கப் போய்விட்டார்கள் என்கிறார் மெக்கானிக்.

இன்னொரு சிக்கலையும் அவர் மறைக்கவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். இது மூன்றாம் தலைமுறை. ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும் அந்தக் கதவு திறக்காது. வங்கிக் கணக்கும் மற்றவர்களின் வரிக் கணக்கும் திறக்கும் பெட்டியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் ஓட்டுவது நல்லதல்ல. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம் என்கிறார்.

பெண்மணியின் முகம் மாறுகிறது. "என் விரல்களுக்கு ரெமிங்டன் தவிர வேறு தெரியாது, பாய்சாப்." பழைய இந்தி டைப்ரைட்டரின் எழுத்து வரிசை அது. இருபது வருடப் பழக்கம். வேகம் என்பது அவருக்கு அங்கேதான் இருக்கிறது, சிப்பில் அல்ல.

மெக்கானிக் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்குகிறார். எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜிபி ரேமும் கொண்டுவந்த பணத்துக்குள் அடங்குகின்றன. விசிறியின் தூசியைத் துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவுகிறார். பிராசஸருக்கு அன்று கிடைத்த மரியாதை அவ்வளவுதான். லினக்ஸ் ஏறியதும் இந்தி ரெமிங்டன் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளுகிறார்.

சத்தியப் பிரமாணப் பத்திரத்தின் முதல் வரியை அவர் அடிக்கிறார், கீபோர்டைப் பார்க்காமல். மாத்திரைகள் சரியாக விழுகின்றன. இரண்டாவது வரி. மூன்றாவது. பக்கத்து மேஜைப் பையன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்த விரல்களைப் பார்க்கிறான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மெக்கானிக் தாளில் சுற்றி அவர் கையிலேயே கொடுக்கிறார். "இதை எந்தக் கடையிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், தீதி. இதில் எத்தனையோ பேருடைய பத்திரம் இருக்கிறது."

ரசீது எழுதும்போது பெண்மணி கேட்கிறார்: "இன்னும் எத்தனை வருடம் ஓடும்?"

"மதர்போர்டு போகும் வரை. இரண்டு வருடம், மூன்று வருடம். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள். அடுத்து வாங்குவது எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. ரேமைக் கழற்ற முடியுமா என்று என்னிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்."

கைப்பையில் மிச்சம் 900 ரூபாய். படியேறி முற்றத்துக்கு வந்ததும் அதே குரல் அவரைத் துரத்துகிறது: "மேடம், லேப்டாப்? புது லேப்டாப்?" பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் மெட்ரோவை நோக்கி நடக்கிறார். மாலைக்குள் முடிக்க வேண்டிய பத்திரங்கள் நான்கு இருக்கின்றன.