மலை சொன்னதும் மண் சொன்னதும்

நிலத்தைக் குடைந்து வழி காணும் செய்தி தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை நகரைக் காணச் செல்லும் கோவலன் சுருங்கை வீதியைக் கடந்து நகருக்குள் புகுவதாக இளங்கோவடிகள் பாடுகிறார். சுருங்கை என்பது நிலத்தினுள் மறைந்து செல்லும் வழி என்று உரை கூறுவர். இன்று வழங்கும் சுரங்கம் என்னும் சொல் அதற்கு நெருங்கிய உறவுடையது.

அன்றைய சுருங்கை மதிற்சுவரின் அடியில் அமைந்தது. இன்றைய சுரங்கப்பாதையோ பனிமலையின் வயிற்றையும் கடலின் அடித்தரையையும் ஊடுருவிச் செல்கிறது. கருவிகள் பெரிதும் மாறிவிட்டன. எனினும், குடைபவன் தான் குடையும் இடத்தின் இயல்பை அறிந்தாக வேண்டும் என்னும் விதி மாறவில்லை. மலையும் மண்ணும் வாய் திறந்து பேசுவதில்லை. ஆயினும் கசியும் நீராலும், உதிரும் கல்லாலும், முனகும் இரும்பாலும் அவை தம் நிலையை முன்கூட்டியே உணர்த்துகின்றன. அதனைக் கேட்பார் உண்டா என்பதே வினா.

இமயத்தின் பீர் பஞ்சால் தொடரில் ரோத்தாங் கணவாய் உள்ளது. அது கடல்மட்டத்திற்கு மேல் 3,978 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ‘பிணக்குவியல்’ என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். பனிப்புயலில் அகப்பட்டு அவ்வழியில் மாண்டவர் பலர். குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆறு திங்கள் கணவாய் பனியால் மூடப்பட்டுவிடும். அக்காலங்களில் அப்பாலுள்ள லாகூல் பள்ளத்தாக்கு மக்கள் வெளியுலகத் தொடர்பற்று வாழ்ந்தனர். கடும்நோய் கண்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதென்றால், வானம் தெளிந்து ஹெலிகாப்டர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மக்களின் துயர் தீர மலையின் ஊடே சாலை அமைக்கும் பணி 2010ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் தொடங்கியது.

அப்பணியின் முறை எளிதில் விளங்கக்கூடியதே, செய்வதுதான் அரிது. முதலில் பாறையில் துளைகள் இட வேண்டும். அவற்றில் வெடிமருந்தை நிரப்பித் தகர்க்க வேண்டும். புகை அடங்கியபின் உடைந்த கற்களை அகற்றி, புதிதாகத் திறந்த பாறைச் சுவரின்மீது காலந்தாழ்த்தாது கான்கிரீட் கலவையைப் பீய்ச்சிப் பூச வேண்டும். பின்னர் நீண்ட எஃகுத் தண்டுகளை ஆணிபோல் பாறைக்குள் செலுத்தி அதனை இறுக்க வேண்டும். அதன்பிறகே அடுத்த சில அடிகளுக்குத் துளையிடலாம். தலைக்கு மேலே சில இடங்களில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கனமுள்ள மலை நிற்கிறது. குளிர்காலத்தில் கணவாய் மூடியவுடன் வடமுனைக்குப் பொருள் கொண்டு செல்லவும் வழியில்லை. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி தென்முனையை நம்பியே வேலை நடைபெற்றது.

அவ்வாறு குடைந்து செல்கையில் சேரி நாலா என்னும் ஓடையின் அடிப்பகுதி குறுக்கிட்டது. அங்கே பாறை நொறுங்கிக் கிடந்தது. மேலே ஓடும் நீர் பெருவெள்ளமாக உள்ளே பாய்ந்தது. சேறும் கல்லும் கலந்து சரிந்தன. 587 மீட்டர் நீளமே உடைய அப்பகுதியைக் கடக்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. நீரை வெளியேற்றி, சிமென்ட்டைச் செலுத்தி மண்ணை இறுக்கி, மெல்ல மெல்ல முன்னேறினர். 2015இல் முடியும் என்று கருதப்பட்ட பணி நீண்டுகொண்டே போனமைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. இருபுறத்திலிருந்தும் குடைந்தவர்கள் 2017 அக்டோபரில் ஒருவரையொருவர் கண்டனர். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 2020 அக்டோபர் 3ஆம் நாள் அடல் சுரங்கப்பாதை என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் 46 கிலோமீட்டர் குறைந்தது. ஓடைக்கு அடியில் மலை ‘மெதுவாகச் செல்’ என்றது. பொறியாளர்கள் அதற்குச் செவிசாய்த்தனர். அத்தாமதத்தை ஒரு குறையாகக் கொள்வது பொருந்தாது.

பனிமலை ஏதுமில்லாத சிங்கப்பூரில் சுரங்கம் அமைத்தல் எளிது என்று ஒருவர் எண்ணக்கூடும். இத்தீவில் மிக உயர்ந்த புக்கித் தீமா குன்றும் 164 மீட்டரைத் தாண்டாது. ஆனால் இங்கே இடர் மண்ணின் மென்மையில் இருக்கிறது. ஆற்று முகங்களிலும் கடலோரத்திலும் நிலத்தடியில் கிடப்பது கடற்களிமண். நல்ல பாறை தன்னைத்தானே சிறிது நேரமேனும் தாங்கி நிற்கும். களிமண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை. தோண்டிய பள்ளத்தை நோக்கி நாற்புறமிருந்தும் நெருங்கி வரும். இருபுறமும் ஆழ்ந்த சுவர்களை எழுப்பி, அவை சாயாதவாறு குறுக்கே எஃகு உத்திரங்களைத் தாங்கியாகக் கொடுத்து, அடுக்கடுக்காகத் தோண்டி இறங்க வேண்டும்.

அவ்வாறு தோண்டியவற்றின் மேல்தான் நாள்தோறும் மக்கள் நடமாடுகின்றனர். தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவோரின் அருகே, ரேஸ் கோர்ஸ் சாலையின் அடியில், 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் முதல் வடகிழக்குப் பாதை ரயில் ஓடுகிறது. 2015 டிசம்பரில் மற்றொரு பாதையும் லிட்டில் இந்தியா நிலையத்தில் வந்து சேர்ந்தது. அதற்காக ரோச்சோர் கால்வாயையும் அதனை ஒட்டிய சாலைகளையும் இடம் மாற்றி அமைக்க நேர்ந்தது. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை 2008இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் 12 கிலோமீட்டரில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நிலத்தடியில் செல்கிறது. நீளத்தில் அது ரோத்தாங் பாதைக்கு ஒப்பானது. 2013 டிசம்பர் 29இல் திறக்கப்பட்ட மரினா கரையோர விரைவுச்சாலையோ 420 மீட்டர் தொலைவு கடற்படுகைக்கு அடியிலேயே செல்கிறது.

இவ்வெற்றிகளுக்கு நடுவே மறக்கலாகாத ஒரு நாள் உண்டு. 2004 ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகல், வட்டப்பாதை ரயில் தடத்துக்காக ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த பள்ளம் நிக்கல் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சரிந்தது. சாலையின் ஒரு பகுதியும் உடன் சரிந்தது. நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் மேற்பார்வையாளர். தம்முடன் பணியாற்றியவர்களை மேலேறித் தப்பிச் செல்லுமாறு விரட்டிவிட்டு அவர் பின்தங்கினார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. மேலும் சரிவு நேரும் அபாயம் இருந்தமையால் தேடுதல் பணியும் நிறுத்தப்பட்டது.

அன்று மண் முன்னறிவிப்பின்றி விழவில்லை. காலையிலேயே எஃகுத் தாங்கிகளிலிருந்து வழக்கத்திற்கு மாறான ஒலிகள் எழுந்தன. பணியாளர் அவற்றைக் கேட்டனர். தாங்கிகளைச் சுவருடன் பொருத்திய இடங்களில் இரும்பு வளைந்திருந்ததையும் கண்டனர். அதற்குப் பல நாள்களுக்கு முன்பிருந்தே அளவுகருவிகளும் சுவர் நகர்வதைக் காட்டிவந்தன. வடிவமைப்பில் நேர்ந்த பிழைகளும், கண்ட குறிகளை உரிய முறையில் மதியாமையும் விபத்துக்குக் காரணம் என்று அரசு அமைத்த விசாரணைக் குழு முடிவுரைத்தது. அதன் பின்னர்த் தற்காலிகத் தாங்கு கட்டமைப்புகளுக்கும் கடுமையான விதிகள் வந்தன. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ரயில் நிலையம் இடம் சற்று மாற்றி அமைக்கப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது.

சேரி நாலாவில் மலையின் சொல் கேட்கப்பட்டது. நிக்கல் நெடுஞ்சாலையில் மண்ணின் சொல் கேட்டும் கேளாததாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மண்ணின் குரல் முதலில் சென்று சேர்வது அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் செவிக்கன்று. மண்ணுக்கு மிக அருகில் நிற்கும் தொழிலாளியே அதனை முதலில் கேட்கிறான். அவன் கேட்டது மேலே சென்று சேர வேண்டும். சேர்வதற்கு அவனுக்கு ஒரு மொழி வேண்டும். அம்மொழியை மதித்துக் கேட்கும் செவியும் வேண்டும்.

யார் அந்தத் தொழிலாளி? பனிமலையைக் குடைபவன் பெரும்பாலும் பனியில் பிறந்தவன் அல்லன். ஜார்க்கண்ட், பீகார் முதலிய வெப்பப் பகுதிகளிலிருந்து கூலிக்காக வந்தவன். சிங்கப்பூரின் களிமண்ணைத் தோண்டுபவனும் தொலைவிலிருந்து வந்தவனே. இது இன்று தோன்றிய வழக்கமும் அன்று. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோர் இத்தீவின் சாலைகளை அமைத்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையையும் எழுப்பினர். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் அவ்விடத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். அச்சூளைகளில் வெந்த சுண்ணாம்பு நகரின் சுவர்களில் கலந்தது. வெந்த கைகளின் பெயர்களோ எச்சுவரிலும் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதே வட்டாரத்தின் புல்வெளிகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் இளைஞர்களுள், அந்த வாரம் முழுவதும் நிலத்தடியில் உழைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் பேசுவது தமிழ்.

ஆயினும் அவ்வழியே செல்லும் மாணவன் ஒருவன் அவர்களை வேற்றாராகவே எண்ணிக் கடந்துவிடுகிறான். தமிழ் அவனுக்குத் தேர்வுத்தாளில் எழுதும் மொழி. அந்த இளைஞனுக்கோ அது உயிர்காக்கும் கருவி. கட்டுமானத் தளங்களில் எச்சரிக்கைகள் ஆங்கிலம், சீனம், வங்காளம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதப்படுகின்றன. பாதுகாப்புப் பயிற்சியும் தமிழில் நடத்தப்படுகிறது. அந்தப் பலகையில் ஒரு சொல் பிழைபட்டால், ஒரு வாக்கியம் பொருள் மயங்கினால், ஆசிரியரின் சிவப்பு மையுடன் அது முடிந்துவிடாது. ‘நிற்காதே’ என்பதற்கும் ‘நிறுத்தாதே’ என்பதற்கும் உள்ள வேறுபாடு வகுப்பறையில் ஒரு மதிப்பெண். பளுதூக்கியின் அடியில் நிற்பவனுக்கு அது வாழ்வு.

2023 நவம்பர் 12ஆம் நாள் உத்தராகண்ட் மாநிலத்தின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். பதினேழு நாள்கள் அவர்களை உயிரோடு வைத்திருந்தவை குழாய்கள் வழியே சென்ற காற்றும் உணவும். அவ்வழியே சென்ற மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. அது வெளியே காத்திருந்த உறவினரின் குரல். பெரிய இயந்திரம் இடையில் பழுதுற்றுப் போக, கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து அவர்களை மீட்டவர்கள் எலிவளை போன்ற சிறு சுரங்கங்களைத் தோண்டிப் பழகிய எளிய தொழிலாளர்கள். 41 பேரும் நவம்பர் 28ஆம் நாள் வெளியே வந்தனர்.

திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், சான்றோர் சொல்லைக் கேட்டல் என்பதோடு பொருளை நிறுத்திவிட வேண்டுவதில்லை. கைக்கவசம் அணிந்து, சேற்றில் நின்று, ‘ஐயா, இந்த இரும்பில் ஏதோ சத்தம் வருகிறது’ என்று சொல்பவனின் சொல்லும் கேட்கத்தக்கதே. தமிழ் பயின்ற சிங்கப்பூர் மாணவருள் சிலர் நாளை பொறியாளராகவும் பாதுகாப்பு அதிகாரியாகவும் அத்தளங்களில் நிற்பர். அப்போது அவர்கள் கற்ற தமிழ் அவனிடம் இரண்டு வினாக்களைக் கூடுதலாகக் கேட்கத் துணைசெய்யுமாயின், தாய்மொழிப் பாடத்திற்கு அதைவிடப் பெரிய பயன் வேண்டுவதில்லை.

லிட்டில் இந்தியாவின் அண்மையில் இப்போது மீண்டும் மண் தோண்டப்படுகிறது. தீவின் வடக்கையும் நகரையும் இணைக்கும் 21.5 கிலோமீட்டர் சாலையின் தென்பகுதி நிலத்தடியில் அமைகிறது. அது 2029 வாக்கில் முடியும் என அறிவித்துள்ளனர். முடிந்தபின் ஊர்திகள் சில நிமிடங்களில் அதனைக் கடந்துவிடும். விளக்கொளியில் மின்னும் சுவர்களுக்குப் பின்னே யார் நின்றார்கள், எந்த மொழியில் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள் என்பது செல்வோருக்குத் தெரியாது. தோண்டும் இந்த ஆண்டுகளிலேயே அவர்கள் குரலைக் கேட்டுவிடுவது நல்லது.