மச்சினனும் இருபது மைலும்

வேல்ஸின் கார்டிஃபில் நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். என் மச்சினன் டாக்ஸி ஓட்டுகிறவன். 2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில் ஊருக்குள் மணிக்கு 30 மைலாக இருந்த பொது வேக வரம்பு 20 மைலானது. கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர். எதிர்ப்பு மனுவில் 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அதில் ஒன்று அவனுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கரண்டியோடு நின்றிருந்த என்னிடம் போனை நீட்டினான். "மாமா, பெல்ஃபாஸ்ட்ல இதையே செஞ்சாங்க. ஒண்ணும் குறையலையாம், படிங்க." நான் பதிலுக்கு வேல்ஸ் கணக்கை எடுத்துவிட்டேன்: முதல் ஆண்டில் 20, 30 மைல் சாலைகளில் அடிபட்டவர்கள் ஏறத்தாழ கால்வாசி குறைவு. ஆளுக்கொரு கணக்கு; ரசம் வருவதற்குள் இருவருக்கும் குரல் ஏறிவிட்டது.

அவன் போனபிறகு பெல்ஃபாஸ்ட் ஆய்வை முழுதாகப் படித்தேன். 2016இல் நகர மையத்தில் 76 தெருக்களில் வரம்பைக் குறைத்திருக்கிறார்கள். பலகையும் சாலையில் எழுத்தும் மட்டும்தான், வேகத்தடை கிடையாது. ஓராண்டு கழித்து சராசரி வேகம் 0.2 மைல்தான் இறங்கியிருந்தது, மூன்றாண்டு கழித்து 0.8 மைல். வண்டிகள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே ஓடியிருக்கின்றன, பிறகு விபத்து எப்படிக் குறையும்? வேல்ஸிலும் பெரும்பாலும் பலகைதான். ஆனால் இங்கே முக்கியச் சாலைகளில் ஆரம்ப அளவீட்டிலேயே வேகம் சுமார் 4 மைல் இறங்கியிருந்தது. நாடு முழுக்க ஒரே நாளில் மாற்றியதும், மாதக்கணக்காக நடந்த ரகளையும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இப்போதெல்லாம் யார் எந்த ஆய்வைக் காட்டினாலும், வண்டியின் வேகம் உண்மையில் எவ்வளவு இறங்கியது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

எனக்குப் பிடித்த சைக்கிள் பாதைக்கும் இதே சோதனை வேண்டுமே! எங்கள் தெருவில் கோடு போட்டபின் விபத்தே இல்லை என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்கள். கோடு போட்டதே ஒரு மோசமான வருடத்துக்குப் பிறகு. அப்படிப்பட்ட வருடத்துக்கு அடுத்தது, எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் கூடினார்களா, பயந்து குறைந்தார்களா என்று கேட்டேன். எண்ணவில்லையாம்.

மச்சினனிடம் இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. "என் டிரிப்பு எவ்வளவு லேட்டாகுதுன்னும் யாரும் எண்ணல மாமா, அதையும் சேர்த்துக் கேளுங்க." அடுத்த கூட்டத்துக்கான கடிதத்தில் அதையும் சேர்த்தேன்.