உளிக்குக் கொடுத்த கவனம்

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கிரைண்டர் சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும். சாலையோரக் கொட்டகைகளில் நந்தியும் பிள்ளையாரும் பாதி உருவத்தில் நிற்க, சுற்றிலும் வெள்ளைப் புழுதி எழும்பிக்கொண்டே இருக்கிறது. 1957இல் இவ்வூரில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசுக் கல்லூரியானது. அங்கே படித்தவர்களும் அப்பாவிடம் தொழில் கற்றவர்களும் இந்தக் கூடங்களில் அருகருகே வேலை செய்கிறார்கள்.

நான் போன கூடத்தில் மூத்த சிற்பி ஒருவர் மெஷினைக் காட்ட ஒப்புக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அதைக் கையில் எடுத்தார். "ஸ்விட்சை மட்டும் நிறுத்தினா போதாது சார். பிளேடு மாத்துறப்ப வயரே போர்டுல இருக்கக் கூடாது" என்றார். நட்டைக் கழற்றி, பிளேடு உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த கல்மாவைத் துடைத்தார். அங்கே துளி அழுக்கு இருந்தாலும் பிளேடு ஆட்டம் போடும். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பக்கவாட்டு மூடியைத் திருகி, மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பனை எடுத்து நீளம் பார்த்தார். கார்பன் தேயத் தேய உள்ளே பொறி பறக்கும். கவனிக்காமல் விட்டால் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரே போய்விடும்.

முன்பெல்லாம் மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து முனை ஏற்றிய பிறகே வேலையைத் தொடங்குவார்களாம். அந்த ஒழுங்கை இவர் மெஷினுக்கும் கொண்டுவந்திருக்கிறார்.

பக்கத்தில் ஓர் இளைஞரின் மெஷினில் பிளேடை மறைக்கும் கார்டு இல்லை. "வளைவுல ஓரம் தெரிய மாட்டேங்குது சார்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான்கு அங்குல பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. உடைந்த துண்டு முகத்துக்கு வந்தால் விலக நேரம் கிடைக்காது. கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேடு மாட்டுவது இன்னும் ஆபத்து. அதில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பை இந்தச் சிறிய மெஷின் எளிதாகத் தாண்டிவிடும். மூத்தவர் திட்டவில்லை. தன் மெஷினின் திருகைத் தளர்த்தி, கார்டை வேறு பக்கம் திருப்பி இறுக்கி, "இப்பப் பாருடா, ஓரம் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது.

அந்தக் கூடத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. மெஷினின் காற்றுத் துளைகளில் புழுதி அடையாமல் அடிக்கடி ஊதிவிடுகிறார்கள். மெஷினைப் பிடித்திருப்பவரின் மூக்குக்கு ஒரு துண்டுதான். கருங்கல்லில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. உளியால் கொத்தும்போது பெரும்பாலும் சில்லுகளே தெறிக்கும். பிளேடோ கல்லை மாவாக்குகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் துண்டைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. அதனால் வரும் சிலிகோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் கூடங்கள் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

தடுக்க வழி உண்டு. வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டால் புழுதி பெருமளவு அடங்கும். அதற்கென்றே செய்த மெஷினும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அப்போது கட்டாயம். உலர்வாக வெட்டினால் புழுதி உறிஞ்சியும் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசமும் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பணமும் நேரமும் ஆகும். குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டுச் சிலை கேட்டு வருகிறவர்கள் அந்த இரண்டையும்தான் குறைக்கிறார்கள். அவசரத்தில் முதலில் கழல்வது கார்டு. முதலில் நிற்பது தண்ணீர். ஆகவே சிற்பிக்கு மட்டும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. கோயில் நிர்வாகமும் நன்கொடையாளரும் சிலைக்கு விலை பேசும்போது கல்லுக்கும் கூலிக்கும் பக்கத்தில் புழுதித் தடுப்புக்கும் ஒரு தொகை எழுத வேண்டும். அதை அவர்களே கேட்டு எழுத வேண்டும்.