தொங்கும் பிளாஸ்டிக்கும் ஐம்பது சதவீத போனஸும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, லேக் மார்க்கெட் பக்கம் வீடு கிடைக்குமா, இட்லி அரிசி கிடைக்குமா என்றுதான். இரண்டும் கிடைக்கும். மூன்றாவது கேள்வி, "காரைக் கொண்டுவரலாமா சார்?" தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் இரண்டு மழைக்காலம் போவதற்குள் பம்பர் ஓரமோ, கதவுப் பட்டையோ, சக்கரத்துக்கு மேலே இருக்கிற உள் மூடியோ, ஏதாவது ஒரு பிளாஸ்டிக் கழன்று தொங்கும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. இதில் பாதி மெக்கானிக் சொன்னது, மீதி என் கணக்கு.

இந்த ஊர்த் தெருக்களை ஆண்ட பழைய அம்பாசடருக்கு இந்தக் கவலை கிடையாது. பம்பர் இரும்பு, பிடிப்பு நட்டும் போல்ட்டும். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோனது. இப்போது நாம் ஓட்டும் வண்டிகளில் வெளிப்புறம் பாதி பிளாஸ்டிக். அதைப் பிடித்திருப்பது விரல் நுனி அளவு கிளிப்புகளும், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பும்.

ஏன் கழல்கிறது? முதல் காரணம் தண்ணீர். ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட், தண்தனியா பக்கம் ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், தெரு குளமாகிவிடும். அதில் வண்டியை விட்டால் பம்பரின் கீழ் விளிம்பு முறம் மாதிரி தண்ணீரை அள்ளும். அந்த எடை மொத்தமும் கிளிப்பின் மேல்தான். தண்ணீரில் ரிவர்ஸ் எடுத்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது காரணம் வெயில். ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் பட்டை, ஜனவரி விடியற்காலைக்கும் மே மாத மதிய வெயிலுக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளும். அதே நீளத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் கம்பெனிக்காரன் சில ஓட்டைகளை வட்டமாகவும் மற்றதை நீள்வட்டமாகவும் வைக்கிறான். பட்டை நகர இடம் வேண்டும். இது தெரியாமல் ஒவ்வொரு ஓட்டையிலும் ஸ்குரூ போட்டு இறுக்கினால், வெயிலில் பட்டை நடுவில் வயிறு தள்ளி நிற்கும்.

போன வருஷம் ஆகஸ்டில் எங்கள் தங்கமணி, பெண்ணைப் பாட்டு கிளாஸிலிருந்து அழைத்துக்கொண்டு பைபாஸில் வந்துகொண்டிருந்தார். திடீரென்று இடது முன்சக்கரத்தில் சரசரவென்று சத்தம். சக்கரத்தின் உள் மூடி பாதி கழன்று டயரில் உரசுகிறது. அது முழுக்கக் கழன்று டயருக்குள் சுருண்டால் என்ன ஆகும், பின்னால் வரும் பைக்காரர் மேல் பறந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அம்மா வண்டியை ஓரங்கட்டி, பெண்ணின் ஸ்கூல் ஷூ லேஸை உருவி, மூடியை மேலே இழுத்துக் கட்டி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எனக்குப் போன்கூடப் போடவில்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் உள் மூடி, பம்பர் இரண்டையும் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். நான் மல்லிக் பஜாருக்குப் போனேன். பார்க் ஸ்ட்ரீட்டும் ஜகதீஷ் போஸ் ரோடும் சந்திக்கும் இடத்தில், கார் உதிரி பாகங்களுக்கென்றே இருக்கிற பஜார். மிஸ்திரி குனிந்து பார்த்தார். "தாதா, பம்பருக்கு ஒன்றுமில்லை. ஐந்து கிளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த முடிச்சு யார் போட்டது?" சொன்னேன். "பௌதி நல்ல கெட்டிக்காரி" என்றார். பௌதி என்றால் அண்ணி. கிளிப் ஒன்று பதினைந்து ரூபாய். பழைய மூடியே திரும்ப ஏறியது. வேலை அரை மணி நேரம்.

அவரிடம் கற்றுக்கொண்டது:

ஒன்று, கடைக்குப் போகும்போது உடைந்த கிளிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். தலையின் அகலம், தண்டின் பருமன் இரண்டும் பொருந்த வேண்டும்.

இரண்டு, கதவுப் பட்டை டேப்பில் நிற்பது என்றால் பழைய டேப்பைத் தூண்டில் நரம்பால் அறுத்து எடுத்து, மிச்சப் பிசினைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். புது டேப் காருக்கென்று விற்கும் அக்ரிலிக் ஃபோம் டேப்பாக இருக்கட்டும். அழுத்தி ஒட்டியபின் முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவாதீர்கள், மழையில் விடாதீர்கள்.

மூன்று, பசை வேண்டாம். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் பி.பி. என்று பொறித்திருந்தால் அது பாலிபுரோப்பிலீன். சாதாரண ஃபெவிக்விக் வகைப் பசை அதில் நிற்காது. பக்கத்துப் பெயிண்டில் வெள்ளை பூத்துப்போவதுதான் மிச்சம்.

நான்கு, பாடித் தகட்டில் புதிதாக ஓட்டை போட விடாதீர்கள். இந்த ஊர் ஈரத்துக்கு அந்த ஓட்டையிலிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

இனி என் பாடம், இன்சூரன்ஸ். உதாரணத்துக்கு பம்பர் 6,000 ரூபாய். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம், எனவே 3,000. நம் கையிலிருந்து கட்டாயமாகப் போகும் 1,000 (1,500 சி.சி. வரையிலான வண்டிக்கு) கழித்தால், வருவது 2,000.

போவது என்ன? ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் போனஸ். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45 என்று படி ஏறித்தான் 50-க்கு வர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இழப்பதைக் கூட்டுங்கள்: 50, 30, 25, 15, 5. மொத்தம் 125 சதவீதம். பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறைய இதுவும் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரண்டாயிரத்துக்காகக் கொடுக்கிற விலை அதிகம். ஜீரோ டெப், போனஸ் பாதுகாப்பு எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு, பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அடி என்றால் யோசிக்காமல் கிளெய்ம் போடுங்கள், அதற்குத்தான் இன்சூரன்ஸ்.

கடைசியாக ஒன்று. பட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். டயர் பக்கம் சத்தம் கேட்டால் அன்றைக்கே பாருங்கள். எதுவானாலும் செப்டம்பர் பாதிக்குள் முடித்துவிடுங்கள். 17-ஆம் தேதி வாக்கில் விஸ்வகர்மா பூஜை வரும், மிஸ்திரிகள் ஸ்பானருக்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். அடுத்து துர்கா பூஜை. அதன்பிறகு இந்த ஊரில் யாரையும் பிடிக்க முடியாது :-)