கடைசி பெஞ்சில் வாய் மூடி

எனக்கு மைக் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்துக்கு வந்ததிலிருந்து, அரங்கில் எழுந்து நின்று பேசுவதில் எனக்கு ஒரு தனிச் சுகம். ஒரு குட்டிக் கதை, கொஞ்சம் சிரிப்பு, மதியச் சாப்பாட்டுத் தூக்கத்தைக் கலைக்க ரயில் கைதட்டல், மழைக் கைதட்டல். மாலையில் பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதித் தருவார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அவற்றை மறுபடியும் படிப்பேன். மாணவர் நடத்தை பற்றிய பயிற்சிக்கு மற்ற பயிற்றுநர்களைத் தயார் செய்யும் பொறுப்பு வந்தபோது, முதலில் விட வேண்டியிருந்தது இந்தச் சுகத்தைத்தான். இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு மேசையை விட்டுப் போனது, பெரும்பாலும். அது போன இடத்தில் எதை வைப்பது என்று சட்டம் சொல்லாது, சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். அரங்கில் ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து இதைக் கேட்டுவிடுவார்: “மேடம், அடிக்கக் கூடாது, சரி. திட்டக் கூடாது, அதுவும் சரி. முட்டி போடச் சொல்லக் கூடாது, சரி. நாப்பது பிள்ளைங்க இருக்கற கிளாஸ்ல ஒருத்தன் பெஞ்சு மேல ஏறி நின்னு விசிலடிச்சா நான் என்னதான் பண்ணட்டும்?” அதற்கு விழும் கைதட்டல் எனக்கு விழுந்ததைவிடப் பலமாக இருக்கும். அந்தக் கேள்வியைக் கிண்டல் என்று நினைத்துக் கடந்துவிடும் கருத்தாளர்களைப் பார்த்திருக்கிறேன். அது கிண்டல் இல்லை, பயம். அடுத்த நாள் காலை அந்த வகுப்புக்குள் போகப்போவது அவர்தானே.

என்னிடம் பதில் இருந்தது, அதுவும் நல்ல பதில். அமெரிக்காவில் 1997இல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, நடத்தையால் படிப்பு கெடுகிற பிள்ளைக்கு நேர்மறையான வழிகளை யோசிக்கச் சொன்னார்கள். ராப் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் போன்ற ஆய்வாளர்கள் அந்த எண்ணத்தை ஒரு பள்ளி முழுவதற்குமான முறையாக வளர்த்தார்கள். மூன்று அடுக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும், எங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பாடம் போலவே சொல்லிக்கொடுத்துப் பழக்குவது. அது போதாத சிலருக்குக் கூடுதல் கவனிப்பு: காலையில் ஒரு பெரியவரைப் பார்த்துப் பேசிவிட்டு வகுப்புக்குப் போவது, மாலையில் அவரிடமே வந்து அன்றைய பொழுது எப்படிப் போனது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது. மிகச் சிலருக்குத் தனித் திட்டம். நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 80, 15, 5 என்று ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டுவார்கள். நானும் வரைந்தேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் முக்கோணம் நோட்டிலேயே பத்திரமாக இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவிட்டார்கள். விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், அரங்கிலேயே பழகிப் பார்க்க வைத்தாலும், புதிய முறை வகுப்பறை வரை போய்ச் சேருவது அபூர்வம். பிறகு வகுப்பில் கூடவே ஒருவர் துணை நின்றால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. நம் முறையோ மேலிருந்து கீழே வருவது. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்வார், மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் குறுவள மையத்துக்கு. இந்த இறக்கத்தில் சேதாரமில்லாமல் வந்து சேருவது பவர்பாயின்ட்டும் கைதட்டலும்தான். பேச்சாளர்களாகவே எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் தயார் செய்துகொண்டிருந்தோம். ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை.

எனக்கு அதைக் கற்றுத்தந்தது ஒரு நடுநிலைப்பள்ளி, ஆறாம் வகுப்பு. தமிழாசிரியை தானாகவே கேட்டிருந்தார்: “ஒருத்தனால பாடமே நடத்த முடியல மேடம், ஒரு தடவ வந்து பாருங்க.” என்னோடு இன்னொரு பயிற்றுநரும் வந்தார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டோம். நடுவில் பையன் என்ன செய்தான். இடப்பக்கம் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. வலப்பக்கம் அதற்குப் பின் என்ன நடந்தது. நடத்தையியல் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. நிபந்தனை ஒன்றுதான்: கேமரா பிடித்திருக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். ‘சேட்டை செய்தான்’ என்று கேமரா பிடிக்காது. ‘ஸ்கேலால் முன்னால் இருந்தவன் முதுகில் தட்டினான்’ என்று பிடிக்கும். சொல்வதற்கு எளிது. என் கை முதல் வரியிலேயே ‘திமிராக’ என்று எழுதியிருந்தது.

வாசிப்பு நேரம். பெஞ்ச் வாரியாக ஒவ்வொருவராக எழுந்து பாடத்தை வாசிக்கிறார்கள். அவன் அமைதியாகத்தான் இருந்தான். வாசிப்பு அவனுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் வந்தபோது ஸ்கேல் வெளியே வந்தது. ஒரு பெஞ்ச் முன்னால் வந்தபோது பக்கத்துப் பையனின் நோட்டு தரையில் விழுந்தது. அவன் முறை வருவதற்குள் சண்டை, கூச்சல், “எழுந்து வெளிய போடா!” அவன் போனான். போகிறபோது அவன் முகத்தைப் பார்த்தேன், ஆனால் கேமரா விதிப்படி அதை நான் எழுத முடியாது. அடுத்த முறை போனபோதும் இதே வரிசை. வலப்பக்கக் கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே வாசகம்: வெளியே அனுப்பப்பட்டான்.

புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. பீரியட் முடிந்து மணி அடிப்பதற்குள் என் தலைக்குள் பத்து நிமிடப் பேச்சு தயார். ‘நீங்கள் தண்டனை என்று நினைப்பது அவனுக்குப் பரிசு’ என்று தொடங்கலாம், நல்ல தொடக்கம். வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த சார் மெதுவாகச் சொன்னார்: “மேடம், பேப்பர அவங்ககிட்ட குடுத்துடுங்க. நாம போய் டீ குடிப்போம்.”

எரிச்சலாகத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது ஆசிரியை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். “இவனுக்கு வாசிக்க வராதுன்னு எனக்குத் தெரியும் மேடம். வெளிய போறதுக்காகத்தான் இவ்வளவும்னு தெரியல. நானேதான அனுப்பிட்டு இருந்திருக்கேன்?” என்றார். நான் சொல்ல நினைத்த அதே விஷயம். நான் சொல்லியிருந்தால் அது குற்றச்சாட்டு. அவர் சொன்னதால் அவருடைய கண்டுபிடிப்பு. அதன் பிறகு என்ன செய்வது என்பதையும் அவரே யோசித்தார். முதல் நாளே அவனுக்கு இரண்டு வரி குறித்துக் கொடுப்பது, அதை நண்பனோடு சேர்ந்து வாசித்துப் பழகுவது, முடியாத நாளில் “அப்புறம் வாசிக்கிறேன் மிஸ்” என்று கேட்க அவனுக்கு அனுமதி. நாங்கள் சேர்த்தது ஒன்றே ஒன்று: அப்படிக் கேட்டுத் தப்பிக்கிற வழியை அவனுக்கு வாயால் சொன்னால் மட்டும் போதாது, இரண்டு மூன்று முறை நடித்துப் பழக்க வேண்டும்.

தமிழ் பீரியட் அடங்கியது. கணக்கு பீரியட் அடங்கவில்லை. கணக்கு சாருக்கு இந்தத் தாளில் நம்பிக்கை இல்லை, நாங்களும் போய் வற்புறுத்தவில்லை. பையன் திருந்திவிட்டான் என்று மைக்கில் சொல்லத் தோன்றும்போதெல்லாம் கணக்கு பீரியடை நினைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, இந்தக் கதையைச் சொல்லும்போது டீ குடிக்கக் கூப்பிட்ட சாரை விட்டுவிட்டு நானே பெரிய ஆளாக வந்து நின்றுவிடுகிறேன். இப்போது எழுதும்போதும் கவனமாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

பின்னால்தான் தெரிந்தது, ஜாய்ஸும் ஷவர்ஸும் 1996இல் தங்கள் பழைய முறையையே திருத்தியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் பகுதியை எடுத்தே விட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் அது மதிப்பீடாகிவிடுகிறது, துணையாக வந்தவர் அதிகாரியாகிவிடுகிறார் என்பது அவர்கள் அனுபவம். அதை எடுத்துவிட்டதால் வகுப்பில் புதிய முறை குறைந்துவிடவும் இல்லை. இதைப் படித்தபோது என் தொழிலின் பாதியை யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

இப்போது பயிற்றுநர்களைத் தயார் செய்யும்போது என் பேச்சைக் குறைத்துவிட்டு அவர்களை இரண்டிரண்டு பேராகப் பள்ளிக்கு அனுப்புகிறேன். ஒரு பீரியட், ஒரு தாள், ஒரு பிள்ளை. திரும்பி வந்து தாளை மாற்றிக்கொண்டு, கேமரா பிடிக்காத சொற்களை அடிக்க வேண்டும். முதல் சுற்றில் தாளில் பாதி அடிபட்டுப் போகும். இரண்டாவது சுற்றில் ஆசிரியர் சொல்வதையும் எண்ணச் சொல்கிறேன்: ஒரு பீரியடில் எத்தனை ‘உக்காரு’, எத்தனை ‘வாய மூடு’, செய்த நல்ல காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டியது எத்தனை. நம்மூரில் பாராட்டு சற்று கூச்சமான சமாசாரம். தலைக்கு ஏறிவிடும் என்று பயம், கண் பட்டுவிடும் என்று இன்னொரு பயம். பதிலுக்கு ‘வெரி குட்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முத்திரை குத்திவிடுகிறோம். “நோட்ட நீயே எடுத்து வச்சிட்டியே, எனக்கு வேலை மிச்சம்” என்று சொல்வதற்குப் பழக்கம் வேண்டும்.

அரங்கும் ஒரு வகுப்புதான் என்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த வேடிக்கை. பின்வரிசையில் போன் பார்ப்பவர், தாமதமாக வருபவர், பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே இருப்பவர், எல்லோரும் ஆசிரியர்கள். ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளர் தம் வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒரு மாணவரைக் கண்டித்தார். அவர் முகத்தைவிட மற்றவர்கள் முகம் மாறியதுதான் கௌனினின் கவனத்தை இழுத்தது. அங்கே தொடங்கியதுதான் அவர் ஆராய்ச்சி. வகுப்புகளை வீடியோவில் எடுத்துப் பார்த்து 1970இல் அவர் எழுதிய முடிவு எனக்குப் பிடித்தமானது: தவறு நடந்த பின் கண்டிப்பதில் நல்ல ஆசிரியருக்கும் தடுமாறும் ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசமெல்லாம் தவறு நடக்கும் முன்பே வகுப்பைக் கொண்டுபோகும் விதத்தில். நான் மைக்கில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கண்டித்தால் அரங்கு முழுவதும் இறுகிப்போவதை அதன் பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன்.

தாள் எப்போதும் நடத்தையைத்தான் காட்டும் என்றும் இல்லை. வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சண்டைகள் எல்லாம் மதிய மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் குவிந்திருந்தன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமாகத் தொடங்கியது. அதே வளாகத்தில் தம்பி, தங்கைகள் உப்புமா சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போக, விடியலிலேயே அம்மா வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பையன் மட்டும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தான். அங்கே வேண்டியது நடத்தைத் திட்டம் அல்ல, பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாக்களோடு ஒரு பேச்சு. இன்னும் சில தாள்களில் வீட்டுக்குப் போகும் மணி நெருங்க நெருங்க ஒரு பெண் குழந்தை நடுங்கும். அந்த இடத்தில் பயிற்றுநர் தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். பாலியல் கொடுமை என்ற சந்தேகம் எழுந்தாலே காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். இந்த எல்லையை மட்டும் நான் இன்னமும் மைக்கில்தான் சொல்கிறேன், சத்தமாக.

போன முறை ஒரு இளம் பயிற்றுநர் பள்ளிப் பார்வைப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ‘வழங்கப்பட்ட ஆலோசனைகள்’ என்று பெரிய கட்டம் இருக்கிறது. “வாயத் திறக்கக் கூடாதுன்னா இங்க என்ன மேடம் எழுதறது? காலியா விட்டா வேலையே செய்யலன்னு ஆயிடும்.” ஆசிரியர் என்ன கண்டுபிடித்தாரோ அதை அவர் பெயரோடு எழுதச் சொன்னேன். அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது ஆசிரியர் சொன்னது, நீங்கள் சொன்னது எங்கே என்று கேட்டாராம். ஒரு வரியாவது உங்கள் பெயரில் போடுங்கள் என்றாராம். இப்போது நாங்கள் எல்லோரும் ஒரு வரி போடுகிறோம்: ‘தாளைக் கொடுத்தோம்.’