ஊசி இல்லாத ஊசியும் கரையாத மருந்தும்

"ஊசியே இல்லாம மருந்து ஏத்துற மெஷின் வந்துருச்சாமே டாக்டர், நம்ம பிள்ளைக்கும் அதுல போட முடியாதா?"

அடிக்கடி வரும் கேள்வி. கேட்பவர்களில் பலர், ருமாட்டிக் காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒருமுறை பென்சாதைன் பெனிசிலின் போடும் குழந்தைகளின் பெற்றோர். அவர்களுக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில் கருவி.

அப்படி ஒரு கருவி இருப்பது உண்மைதான். ஸ்பிரிங் அல்லது அழுத்தப்பட்ட வாயு, தலைமுடி அளவே உள்ள துளை வழியாக மருந்தைத் தள்ளும். நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் வேகம். அந்தப் பீய்ச்சலே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது.

2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி கொரோனா தடுப்பு மருந்து இந்த முறைக்காகவே வந்தது.

ஆனா இது புதுசு இல்லைங்க. 1960களிலேயே ஆப்பிரிக்காவில் பெரியம்மைத் தடுப்புக்கு, காலால் மிதித்து இயக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒரே முனைதான், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்! 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஓர் எடை குறைப்பு கிளினிக்கில் இப்படிப்பட்ட கருவி வழியாக ஹெபடைடிஸ் பி பரவியது. இன்றைய கருவிகளில் ஆளுக்கொரு முனை, ஒருமுறை போட்டதும் குப்பைக்குப் போவது அதனால்தான்.

சரி, பெனிசிலினுக்கு வருவோம்.

சாதாரண பெனிசிலின் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனாலேயே சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். பென்சாதைனோடு சேர்த்தால் கிட்டத்தட்ட கரையாத உப்பாக மாறுகிறது. தசைக்குள் ஒரு சின்னக் கிடங்கு போலத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரக்கணக்கில் பாதுகாப்பு தருகிறது. கரையாமல் இருப்பதுதான் இந்த மருந்தின் பலமே.

சிக்கலும் அங்கேதான். குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி ஒரு கலவை வரும். அதில் மிதப்பவை கரையாத துகள்கள். அரை மில்லிமீட்டர் உள்துளை கொண்ட 21 கேஜ் ஊசியே பல நேரம் அடைத்துக்கொள்ளும். பீய்ச்சும் கருவியின் துளை அதைவிடப் பல மடங்கு சிறியது.

அளவும் இடிக்கிறது. தடுப்பு மருந்துக் கருவிகள் ஒருமுறைக்கு 0.1 அல்லது 0.5 மில்லி தருபவை. 12 லட்சம் யூனிட் பெனிசிலினைக் கலக்கினால் 3 மில்லிக்கு மேல் வரும். ஆறேழு முறை சுட வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளை தாங்கும்?

இன்னொன்று. இந்த ஊசியில் குத்தும் வலி ஒரு நொடிதான். நாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது உள்ளே தங்கும் கெட்டியான மருந்து. ஊசியை எடுத்துவிட்டாலும் அந்த வலி அப்படியேதான் இருக்கும்.

வலியை ஏன் இவ்வளவு பேசுகிறேன்?

என்னிடம் வரும் 11 வயதுப் பெண் ஒருத்தி. வரிசையாக நாலு ஊசி விட்டுப்போனது. காய்ச்சல், மூட்டு வீக்கத்தோடு திரும்பி வந்தாள். எக்கோ எடுத்தால், மைட்ரல் வால்வு கசிவு முன்பைவிட அதிகம்.

அம்மா சொன்னார்: "ஊசின்னா முந்தின நாள் ராத்திரியே சோறு இறங்காது சார் இவளுக்கு. அழுறத பாக்க முடியல, அதான் விட்டுட்டோம்."

இந்தத் தாயைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 21 நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 17 ஊசி. 9 வயதில் ஆரம்பித்து 21 வயது வரை போட்டால் 200ஐத் தாண்டும். அந்தப் பயத்தையும் நோயின் பகுதியாகத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை மெதுவாகச் செலுத்தினோம். போடும் இடத்தை முன்கூட்டியே பத்து நொடி விரலால் அழுத்திப் பிடித்தோம். தண்ணீருக்குப் பதில் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தில் கலந்தோம். அழுதாள், ஆனால் பழைய அழுகை இல்லை. அதன்பிறகு தேதி தவறவில்லை.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், அதிக அளவு பெனிசிலினை தோலுக்கு அடியில் மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். இடைவெளியை மூன்று மாதம் வரை நீட்டலாம் என்று 2023ல் வந்த முடிவு சொல்கிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடந்த ஆரம்பக்கட்ட ஆய்வுதான், இன்னும் நம் கைக்கு வரவில்லை. அதிலும் ஊசி உண்டு. ஆனால் வருடத்துக்கு 17 என்பது 4 ஆகும். ஊசி இல்லாத கருவியைவிட இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய வரம் என்பேன்.

அதுவரை பெற்றோருக்கு மூன்று விஷயம்:

வலியைக் குறைக்க என்ன செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மரப்பு மருந்து எல்லோருக்கும் ஒத்துவராது, முடிவு அவருடையது.

"வலிக்கவே வலிக்காது"ன்னு பிள்ளையிடம் பொய் சொல்லாதீங்க. ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுமுறை நம்பாது.

தேதி தவறிவிட்டால் பயந்துகொண்டு வராமல் இருக்க வேண்டாம். மறுநாளே கூட்டிட்டு வாங்க. யாரும் திட்ட மாட்டோம்.