கொலுப் பார்க்கும் கல் குடிசையும்

கொலுவில் சின்ன வயதில் எங்களுக்குப் பிடித்தது படிமேல் இருக்கும் பொம்மைகள் அல்ல; கீழே தரையில் போடும் 'பார்க்'. மண்ணைப் பரப்பிக் கேழ்வரகு தெளித்தால் நாலைந்து நாளில் புல்வெளி தயார். முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். ஏரிக்கரை ஊரான தென்னேரியின் பிள்ளைகள் எங்களுக்கு மட்டும் அது குளமில்லை, ஏரி. களிமண்ணில் கரை, தீப்பெட்டியில் மதகு. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய செட்டியார் கரைமேல் உட்கார்ந்திருப்பார், மதகைவிட நாலு மடங்கு பெரியவராக. அளவைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை.

*

அளவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஹேக் நகரில் 1952இல் திறந்த மதுரோடாம் பூங்காவில் எல்லாமே இருபத்தைந்தில் ஒரு பங்கு. நாஜிகளின் டாஹாவ் முகாமில் 1945இல் இறந்த ஜார்ஜ் மதுரோவின் பெற்றோர், மகன் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்தது. பொம்மை ஊர்தான், ஆனால் ஒரு நடுகல்.

அந்தக் கணக்கில் 216 அடித் தஞ்சை விமானம் எட்டரை அடிக்குச் சற்று மேல் வரும். ஐந்தரை அடி ஆள் விரல் நீளம்.

*

அதே கணக்கில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைச் செய்ய முடியுமா? மண்டபத்தைச் செய்துவிடலாம். அதன் பெருமை சுவரில் இருக்கும் எழுத்து. 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய, ஊர்ச் சபைத் தேர்தலுக்கான குடவோலை விதிகள்: கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. எழுத்து ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். எறும்புதான் படிக்க வேண்டும். சில இடங்கள் சுருங்கச் சம்மதிப்பதில்லை.

அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். திரையனேரிதான் தென்னேரி ஆனது என்று சொல்லும் ஊர்க்காரனுக்கு அந்த வரியில் கண் நிற்கும்.

*

டெல்லியில் 2019இல் திறந்த பூங்காவில் தாஜ்மகால் முதல் ஈஃபில் கோபுரம் வரை ஏழு அதிசயங்கள், எல்லாம் காயலான் கடை இரும்பில். படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம். முட்டுக்காடு தட்சிணசித்ரா இதற்கு நேர் எதிர்: தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து முழு அளவில் மறுபடி கட்டியது. சுருக்குவதும் ஒரு வழி, பெயர்ப்பதும் ஒரு வழி.

*

எங்கள் பக்கத்து மாதிரிப் பூங்காவுக்கு ஆயிரத்து முந்நூறு வயதுக்கு மேல். மாமல்லபுரம் ஐந்து ரதம். பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாண்டவ ரதம் என்ற பெயர் பின்னால் ஒட்டியது. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்று சதுரக் குடிசை. ஒன்று இரண்டு தளம். ஒன்று கூண்டு வண்டி போல நீளக் கூரை. ஒன்று மூன்று தளம், எண்பட்டைச் சிகரம். இன்னொன்று பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். அதன் பக்கத்திலேயே முழு உருவில் ஒரு கல் யானை. யானையின் பின்புறத்தையும் கோயிலின் பின்புறத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் போதும், பெயர்ப்பலகை தேவையில்லை.

ரதங்கள் கட்டியவையல்ல, மேலிருந்து கீழே செதுக்கி இறங்கியவை. அதனால் சிகரம் முடிந்திருக்கிறது, கீழ்த்தளம் முடியவில்லை. வீட்டு வேலை இழுத்துக்கொண்டு போனால் அடித்தளம் நிற்கும், மாடி நிற்காது, இங்கே தலைகீழ்.

*

மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமைப்பட்டுக்கொள்கிறான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்த கோயில் என்று. அப்படியானால் அதற்கு முன் எடுத்ததெல்லாம் அவற்றால்தான். மரம் உளுத்தது, செங்கல் கரைந்தது. அந்த மரக் கைகளையும் வளைந்த கூரையையும் இன்று பார்க்க வேண்டுமானால் ரதங்களுக்குத்தான் போக வேண்டும். மூலம் போய்விட்டது, மாதிரி நிற்கிறது.

*

கோயில் விமானத்தை நிதானமாகப் பார்த்தால் அதுவே ஒரு பொம்மை ஊர். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் மூலைக்கு ஒரு கூடம், நடுவில் ஒரு சாலை, இடையில் பஞ்சரம். எல்லாம் குட்டிக் கட்டடங்கள். காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் 58 சிறு கோயில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பெரியதைச் சின்னச் சின்னதால் கட்டுவது நமக்குப் பழைய பழக்கம்.

*

ஐந்து ரதங்களில் அந்தச் சதுரக் குடிசை, திரௌபதி ரதம்தான் எனக்குப் பிடித்தது. உள்ளே இருப்பவள் கொற்றவை. மேலே இருப்பது அசல் கூரை வீட்டின் கூரை. நாலு பக்கமும் சரிந்து, விளிம்பில் தழைந்து. ஒழுகாத கூரை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

கூரை வேய்கிறவரைத் தேடி அலைந்த காலம் நினைவிருக்கிறது. 2030க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்று 2024இல் அரசு அறிவித்தது. போகட்டும். ஐப்பசி மழையில் நடுவீட்டில் அண்டா வைத்துத் தூங்கியவர்கள் யாரும் அழப்போவதில்லை. ஆனால் பேரப்பிள்ளை ஒருநாள் குடிசை என்றால் என்ன தாத்தா என்று கேட்கும். பஸ் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போவேன். பல்லவச் சிற்பி கொற்றவைக்கு என்று செய்த வீடு, அன்றைக்கு எங்கள் தெருவுக்கு மாதிரியாக இருக்கும்.